சிரிச்சவ வீட்டுப் படம்

என் கணவர் சீப்ராண்ட் இந்த ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளியவர். ஹெம்மர்டைக் நகராட்சிக் குளத்தில் நீச்சல் ஆசிரியராக இருந்தார். பிள்ளை நடுக்குளத்தில் தத்தளிக்கும், தாய் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டிருப்பாள், இவர் கொக்கிக் கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரத்தில் சும்மா நிற்பார். இனி முடியாது என்று அவருக்குத் தோன்றினால்தான் கழி நீளும். பெரும்பாலும் அதற்குள் பிள்ளை கரையைப் பிடித்திருக்கும்.

"ஹெர்மீன், உன் வீட்டுக்காரர் என்னைச் சாகவிட்டு வேடிக்கை பாத்தவர்" என்று ரொட்டிக்கடைக்காரர் இன்றைக்கும் என்னிடம் குறைப்படுவார்.

"செத்தியா?" என்று என் பின்னாலிருந்து சீப்ராண்ட் கேட்பார்.

"இல்ல."

"அப்புறம் என்ன. ஒரு முழு ரொட்டி குடு, வெட்டாம."

இந்த வேலையால் அவருக்கு ஒரு வசதி உண்டானது. ஊரில் எவர் வீட்டுக் கதவையும் தட்டலாம். சின்ன வயதில் தான் ஜட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த மனிதரிடம் யாருக்கும் மறுத்துப் பேச வராது. ஓய்வு பெற்றதும் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தார். அதன்பின் எந்த வீட்டுப் பரணில் என்ன பழைய படம் இருக்கிறது என்று துருவுவதே பிழைப்பாகிவிட்டது. ஒரு விஷயம் அவர் மண்டைக்குள் புகுந்தால் அது வெளியே வரும்வரை வீட்டில் வேறு பேச்சு கிடையாது. கோபப்பட்டுப் பயனில்லை, நான் பட்டுப் பார்த்தாகிவிட்டது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. கிழக்கே, மாடும் நெசவாலையும் உள்ள பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பேரன் எடுத்த பிறகும் எனக்கு இங்கே 'இறக்குமதி' என்றுதான் பெயர். இங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. முன்பு மீன்பிடி ஊர். தெருவுக்குப் பத்து வீடு என்றால் பத்திலும் ஒரே குடும்பப் பெயர். தபால்காரரே பட்டப்பெயரைக் கேட்டுத்தான் கடிதம் கொடுப்பார். எங்களுடையது 'கழி வீடு'. எதிர் வரிசையில் 'புகைமீன் வீடு', அதற்கு அப்பால் 'செவிடன் வீடு', அந்த வீட்டில் எல்லாருக்கும் நன்றாகவே காது கேட்கும். அணைக்கட்டின் கடைசியில் ஆக்யே இருக்கிறாள். தொண்ணூறு தாண்டியவள், நிமிர்ந்த முதுகு, யாருக்கும் அடங்காத வாய். அவளுடையது 'சிரிச்சவ வீடு'.

அந்தப் பெயரில்தான் இந்தக் கதை இருக்கிறது.

ஒரு இலையுதிர் காலத்தில் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து யூடித் என்ற பெண் எங்கள் சங்கத்துக்கு வந்தாள். பெரிதாக்கிய ஒரு படத்தை மேசையில் விரித்தாள். புகைப்படக் கலை தொடங்கிய காலத்தில், நகரத்துப் புகைப்படக்காரர் ஒருவர் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து கடலோர ஊர்களுக்குப் போய், சாதாரண மனிதர்களை வாசலில் நிறுத்தி எடுத்த படங்களில் ஒன்று. பழைய ஓவியங்களில் வருகிற மாதிரி, ஒருத்தி மீன் கழுவ, ஒருத்தன் புகை பிடிக்க, அன்றாட வாழ்க்கை என்று பணக்கார வீடுகளுக்கு விற்கிற சரக்கு.

"அடுத்த கோடையில கண்காட்சி. இந்தப் படம்தான் சுவர் முழுக்க வரப்போகுது" என்றாள் யூடித். "உங்க ஊர்னு மட்டும் தெரியும். யாரு, எப்ப, ஒண்ணும் தெரியல. அந்த விவரத்த நீங்க தேடிக் குடுத்தா சுவர்ல எழுதுவோம்."

சங்கத் தலைவர் ஓட்டோ படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர், கதை சொல்வதில் ஆசை. "தேடணுமா? இது நம்ம சிரிச்சவ" என்றார்.

படத்தில் ஒரு வாசல். அரைக்கதவில் சாய்ந்து ஒரு இளம்பெண், தலையில் வெள்ளைத் தொப்பி, மேல்சட்டை கன்னங்கறுப்பு. கையில் மீன் தட்டு. பல் தெரியச் சிரிக்கிறாள். அவளுக்கு வெகு அருகில் தோளை உரசிக்கொண்டு ஓர் ஆள், புகைக்குழாயோடு. பின்னால், பக்கத்து வீட்டிலிருந்து நீட்டிய கம்பத்தில் ஒரு கொடி தொங்குகிறது. கொடியின் மேல்பட்டை கறுப்பு, மற்றதெல்லாம் வெளுப்பு. அதற்கும் மேலே நீளமாக ஒரு கறுப்பு நாடா.

இந்த ஊரில் பெண்களின் உடுப்பைச் செய்தித்தாள் மாதிரி படித்திருக்கிறார்கள். வீட்டில் சாவு இல்லை என்றால் மேல்சட்டை சிவப்பு. யாராவது போய்விட்டால் கறுப்பு, துக்கம் ஆற ஆற நீலம், அப்புறம் மறுபடி சிவப்பு. யார் யாருக்கு எத்தனை காலம் என்று கணக்கு இருந்தது. அந்த உடுப்பை இன்று யாரும் உடுத்துவதில்லை, ஆனால் படிக்க எல்லாருக்கும் தெரியும். இறக்குமதியான எனக்கே தெரியும்.

"மாரெத்யேன்னு பேரு" என்று ஓட்டோ சொல்லிக்கொண்டு போனார். "புருஷன் ஹில்லே கடல்ல போயிட்டான். முழுத் துக்கம், பாருங்க, கறுப்பு. பக்கத்து வீட்டுக்காரன்கூட கொடியில துக்க நாடா கட்டியிருக்கான். இவ என்னடான்னா எவனோ ஒருத்தன உரசிக்கிட்டு வாசல்ல நின்னு சிரிக்கிறா. அவங்க காலத்து ஆளுங்க எல்லாம் போன பிறகு எவனோ கொண்டாந்து மாட்டி, இந்தப் படம் துறைமுக பீர்க்கடையில நூறு வருஷம் தொங்குச்சு. கடைய மூடினப்ப எங்க போச்சோ."

யூடித் ஆவலோடு எழுதிக்கொண்டாள். 'சிரித்த விதவை' என்று தலைப்பே வைத்துவிட்டார் ஓட்டோ.

"ஆக்யே இன்னும் உயிரோட இருக்காங்க, ஓட்டோ. அவங்களுக்குக் கொள்ளுப்பாட்டி அது" என்றார் சீப்ராண்ட்.

"இருக்கட்டுமே. ஊருக்கே தெரிஞ்ச கதைதானே."

"தெரிஞ்ச கதைன்னா சரி. அந்தக் கொடி எந்த நாட்டுது?"

ஓட்டோ மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். யூடித்தும் குனிந்தாள். யாருக்கும் தெரியவில்லை. சீப்ராண்டின் மண்டைக்குள் அது புகுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இந்தக் குளிர்காலம் போச்சு என்று அப்போதே நினைத்தேன்.

மறுநாள் காலைக் காப்பி நேரத்துக்கு ஆக்யே வீட்டுக்குப் போனோம். சொல்லாமல் போகக் கூடாது, அதனால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனோம். ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் இந்த ஊர்க் கணக்கு, எடுத்ததும் டப்பாவை மூடிவிட்டாள். ஆக்யே எப்போதும் போல சட்டைக் கழுத்தில் ஓர் அலங்கார ஊசியைக் குத்தியிருந்தாள். இரண்டு வெள்ளிப் பொத்தான்களைச் சேர்த்துச் செய்த கழுத்தூசி. ஒன்று பெரிது, அதில் பாய்மரக் கப்பல் செதுக்கியிருக்கும். மற்றது சின்னது, பூ. ஜோடி சேராத பொத்தான்கள். மீனவர்கள் சட்டைக் கழுத்தில் வெள்ளிப் பொத்தான் போடுவது வழக்கம், கடல் கொண்டுபோய் எங்காவது ஒதுக்கினால் ஆளை அடையாளம் காண, அடக்கம் செய்கிறவருக்குச் செலவுக்கும் ஆக. ஹில்லே தூரத்துத் தீவு ஒன்றில் ஒதுங்கினான். அங்கேயே புதைத்துவிட்டு, அந்த ஊர்ப் பாதிரியார் பொத்தான்களை மட்டும் அனுப்பிவைத்தார். இது ஆக்யே எல்லாருக்கும் சொல்லும் கதை.

சீப்ராண்ட் விஷயத்தைச் சொல்லி, உறையிலிருந்து படத்தை எடுக்கப் போனார்.

"உள்ள வை" என்றாள் ஆக்யே.

"பாக்கலியா?"

"நான் பாத்ததே இல்ல. எங்க வீட்டுல யாரும் அந்தக் கடைக்குள்ள கால் வச்சதில்ல. பள்ளிக்கூடத்துல என்னைப் பாத்தா பசங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பானுங்க. ஏன்னு எங்கம்மாகிட்ட கேட்டேன், கன்னத்துல ஒண்ணு விழுந்துச்சு. அதுக்கப்புறம் கேக்கல."

"சுவர் முழுக்கப் போடப் போறாங்க ஆக்யே. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் போய் தகராறு பண்றேன்."

ஆக்யே காப்பியைக் குடித்து முடித்தாள். "அவ நிஜமாவே புருஷன் செத்த சூட்டுல சிரிச்சிருந்தா, போடட்டும். நான் மறைக்க மாட்டேன். ஆனா நிஜமான்னு எனக்கு முதல்ல தெரியணும். நீதான் ஊர் வீடெல்லாம் துருவறியே, இதையும் துருவு. தெரிஞ்சப்புறம் பாக்கறேன். அதுவரைக்கும் அது உன் கையிலயே இருக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் சீப்ராண்ட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "ஆக்யே போறதுக்குள்ள கண்டுபிடிக்கணும்" என்றார்.

படத்தை எங்கே மாட்டினார் தெரியுமா? கழிப்பறையில். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அங்கே உறவினர் பிறந்தநாள்களைக் குறித்த நாட்காட்டி தொங்கும், எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. அதன் பக்கத்தில் மாரெத்யே வந்து சேர்ந்தாள். "அங்கதான் ஒரு மனுஷன் நிம்மதியா யோசிக்க முடியும்" என்பது அவர் வாதம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது ஒரு அபிப்பிராயத்தோடு வந்தார்கள். கை கழுவிக்கொண்டே, அது கொடியே இல்லை, உலரப் போட்ட போர்வை என்றார் ஒருவர். ரஷ்யக் கப்பல் என்றார் இன்னொருவர். என் நாத்தனார் ரீயா, கொள்ளை நோய்க்காகக் கட்டிய எச்சரிக்கைக் கொடி என்று அடித்துச் சொன்னாள். அவளுக்கு எதிலும் கொஞ்சம் நோய் இருக்க வேண்டும்.

சர்ச் பதிவுகளில் ஹில்லே இறந்த நாள் கிடைத்தது, அவ்வளவுதான். படம் என்றைக்கு எடுத்தது என்பதற்கு எங்கும் ஒரு வரிகூட இல்லை. ஆகவே சீப்ராண்ட் கொடியையே பிடித்துக்கொண்டார். கொடி எந்தக் கப்பலுடையது என்று தெரிந்தால், அது இங்கே வந்த காலம் தெரியும், காலம் தெரிந்தால் ஹில்லே அப்போது இருந்தானா இல்லையா என்பது தெரியும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொடிப் பித்தர்களின் சங்கம் ஒன்றுக்குப் படத்தை அனுப்பினார். அவர்கள் ஒரு மாதம் ஆராய்ந்து பதில் சொன்னார்கள். மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்றால் பிரஷ்யக் கொடியாக இருக்கலாம்.

அதாவது ஜெர்மன்.

ஓட்டோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப அந்த ஆள் ஜெர்மன் மாலுமி. சீப்ராண்ட், பிரமாதம்" என்று முதுகில் தட்டினார். அன்றே யூடித்துக்கும் சொல்லியாயிற்று. சீப்ராண்டின் முகம் தொங்கிப்போனது. வெளுக்கப் போனவர் இன்னும் ஒரு கறையைச் சேர்த்துவிட்டார்.

அந்த வாரம்தான் எனக்குப் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, கேக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆக்யேயும் வந்திருந்தாள். நடுவில் அவள் கைத்தடியை ஊன்றி எழுந்து, "கழிப்பறை அதே இடம்தானே?" என்றாள். உண்மை தெரியும்வரை பார்க்க மாட்டேன் என்றவள் கண்ணில் படம் படக் கூடாது. கேக் வெட்டும் கத்தியோடு அவளை முந்திக்கொண்டு ஓடி, படத்தைச் சுவரிலிருந்து பிய்த்து, பாவாடைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன அவசரம் உனக்கு?" என்றாள்.

"வயிறு சரியில்ல."

"கத்தியோடயா?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ரீயா வாயை விட்டாள். ஜெர்மன்காரன் கதை வட்டத்தின் நடுவில் விழுந்தது. எல்லாரும் கேக்கைப் பார்த்தோம். ஜெர்மன்காரர்கள் இந்த நாட்டைப் பிடித்திருந்த போரின்போது ஆக்யே சின்னப் பெண். அவள் அப்பாவைக் கட்டாய வேலைக்கென்று தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், பாதி ஆளாகத் திருப்பி அனுப்பினார்கள்.

"ஓகோ" என்றாள் ஆக்யே. "முதல்ல சிரிச்சவ. இப்ப ஜெர்மன்காரனோட சிரிச்சவ. நல்லாத் துருவினே சீப்ராண்ட்."

கேக்கை முடிக்காமல் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். சீப்ராண்ட் வாசல்வரை கூடப் போனார், அவள் கையைப் பிடிக்க விடவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நூறு வருஷமாகச் செத்துக் கிடந்த கொடியை யார் கிளறச் சொன்னது என்று கத்தினேன். அவர் பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டு, "தப்பா இருந்தா அது எனக்குத்தான் முதல்ல தெரியணும்" என்று மட்டும் சொன்னார். படத்தை மறுபடி அதே ஆணியில் மாட்டினார்.

ஏப்ரல் கடைசியில் அரசர் பிறந்தநாள் வந்தது. அன்றைக்கு நாடே ஆரஞ்சு நிறம்தான், அரச குடும்பத்தின் பெயரே அது. வீதியெல்லாம் விரிப்பைப் போட்டுப் பழைய சாமான்களை விற்பார்கள். ரொட்டிக்கடையில் கிரீம் கேக்குக்குக்கூட ஆரஞ்சுப் பூச்சு. காலையில் சீப்ராண்ட் வாசல் கம்பத்தில் கொடியை ஏற்றினார். நான் ஆரஞ்சுக் கம்பளிச் சட்டை, அவர் ஆரஞ்சுத் தொப்பி, கழுத்தில் ஆரஞ்சுத் துண்டு. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு காரட்டுகள்.

அல்க்மார் நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டர் எங்கள் தெருவில் கூடாரம் அடித்திருந்தார். பழைய முறையில் கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஈதர் வாடை தெரு முழுக்க அடித்தது. சீப்ராண்ட் பார்த்துவிட்டு நகருவாரா? எங்கள் வாசலிலேயே என்னை நிறுத்தித் தானும் நின்றார்.

"சிரிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் கேமரா மூடியப் போடற வரைக்கும் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கணும்" என்றார் டாக்டர். "வாயத் திறக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

சிரித்துக்கொண்டே அசையாமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. கன்னம் துடிக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. பாதியில் என் சிரிப்பு செத்துவிட்டது. டாக்டர் தகட்டைக் கொண்டுபோய்த் தட்டிலிருந்த தண்ணீர் மாதிரியான ஒன்றில் போட்டார். பால் போல இருந்தது மெல்ல விலகி நாங்கள் தெரிந்தோம்.

"என்ன கண்ராவி இது" என்றேன். "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கோம்."

என் ஆரஞ்சுச் சட்டை கன்னங்கறுப்பு. அவர் தொப்பியும் துண்டும் கறுப்பு. அவருடைய நீலக் கால்சட்டை மட்டும் சலவை செய்தது போல வெள்ளை.

"பழைய தகடு அப்படித்தாங்க" என்றார் டாக்டர். "சிவப்பு, ஆரஞ்சு ரெண்டுக்கும் அதுக்குக் கண்ணு தெரியாது, கறுப்பாக்கிடும். நீலத்த வெள்ளையாக்கிடும். அதான் அரசர் பிறந்தநாள்ல கடை போட்டா யாரும் என் படத்த வாங்க மாட்டேங்கறாங்க."

நான் சிரித்தேன். சீப்ராண்ட் சிரிக்கவில்லை. தகட்டின் மேல்மூலையில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அங்கே எங்கள் கொடி. மேல்பட்டை கறுப்பு, கீழே இரண்டும் வெள்ளை. அதற்கும் மேலே நீளமாக ஒரு கறுப்பு நாடா.

நான் திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, நீலம். மேலே அரச பிறந்தநாளுக்குக் கட்டும் ஆரஞ்சு நாடா. குளிர்காலம் முழுக்க ரஷ்யா, பிரஷ்யா என்று தேடிய கொடி எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டுக்குள் ஓடினார். கழிப்பறை பூட்டியிருந்தது, உள்ளே ரீயா.

"ரீயா, அந்தக் கொடியப் பாரு. மேல என்ன நிறம்?"

"கறுப்பு. எத்தனை தடவ கேப்ப?"

"நாடா?"

"அதுவும் கறுப்புதான். என்னை நிம்மதியா இருக்க விடறியா?"

"கறுப்பு இல்ல ரீயா" என்று கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னார். "சிவப்பு. அவ சட்டை சிவப்பு."

சிவப்பு என்றால் வீட்டில் சாவு இல்லை. ஊர் முழுக்க உடுப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரிந்ததால்தான் ஏமாந்தார்கள். வேறு ஊர்க்காரன் பார்த்திருந்தால், ஒரு பெண் சிரிக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

மறுநாள் யூடித்திடம் தொலைபேசியில் சொன்னோம். "சிவப்பு கறுப்பாகும்னு எங்களுக்குத் தெரியும். இங்க எல்லாருக்குமே தெரியும்" என்றாள். "ஆனா கறுப்புச் சட்டையாலதான் நீங்க அவள விதவைன்னு சொல்றீங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்க விதவைன்னீங்க, நான் எழுதிக்கிட்டேன்." ஆளுக்குப் பாதியாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அந்தப் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே இருந்திருக்கிறோம்.

ஓட்டோ அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளா? "சரி, விதவை இல்ல. அப்ப புருஷன் உயிரோட இருக்கும்போதே இன்னொருத்தனோட வாசல்ல நின்னு உரசறாளா? இது இன்னும் மோசமால்ல இருக்கு" என்றார்.

சீப்ராண்ட் எங்கள் தகட்டையும் பெரிய படத்தையும் எடுத்துக்கொண்டு ஆக்யே வீட்டுக்குக் கிளம்பினார். என் ஆரஞ்சுச் சட்டையையும் சாட்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆக்யே என் பிறந்தநாளிலிருந்து எங்களோடு பேசவில்லை, இருந்தாலும் கதவைத் திறந்தாள். பிஸ்கட் டப்பா வெளியே வரவில்லை.

முதலில் எங்கள் தகட்டைப் பார்த்தாள். பிறகு என் சட்டையை. மறுபடி தகட்டை. "ஹெர்மீன், உன் மூஞ்சி ஏன் இப்படிக் கோணியிருக்கு?"

"சிரிச்சுக்கிட்டே நிக்கணும்னாங்க. முடியல."

சீப்ராண்ட் கொடியைச் சொன்னார், நாடாவைச் சொன்னார், சட்டையைச் சொன்னார். குழந்தைகளுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும் குரலில், அவசரமில்லாமல். ஆக்யே குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தாள். "இப்பக் காட்டு."

வெகுநேரம் மாரெத்யேயின் முகத்தையே பார்த்தாள். "எங்கப்பா வாய்" என்றாள். "இவ்ளோ நேரம் சிரிப்ப இழுத்துப் பிடிச்சிருக்காளே. என் வீட்டுக்காரரோட நின்னிருந்தா படம் எடுத்து முடிக்கறதுக்குள்ள நான் அழுதிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண்ணாடி அதற்குள் நகர்ந்து, அந்த ஆளின் மேல் வந்து, கழுத்தருகில் நின்றுவிட்டது. அந்த ஆளை நாங்கள் யாரும் சரியாகப் பார்த்ததே இல்லை. குளிர்காலம் முழுக்கக் கழிப்பறையில் தினமும் கண்முன் இருந்தான், நான் ஒருதடவைகூட அவன் கழுத்தைப் பார்க்கவில்லை. ஆக்யேயின் இடதுகை மெல்ல மேலே ஏறித் தன் சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டது.

அந்த ஆளின் சட்டைக் கழுத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று பெரிது, கப்பலின் பாய்கூடத் தெரிந்தது. மற்றது சின்னது.

"ஹில்லே" என்றாள் ஆக்யே.

சீப்ராண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"எங்க தாத்தா வயித்துல இருக்கும்போது இவரு கடல்ல போயிட்டாரு" என்றாள் ஆக்யே, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பன் முகத்த தாத்தா பாத்ததே இல்ல. ஒரு படம் இல்ல, கல்லறைகூட எங்கயோ. இந்தப் பொத்தான்தான் எங்கப்பான்னு கையில வச்சு உருட்டிக்கிட்டு இருப்பாரு." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற வழியில அந்த பீர்க்கடை. தாத்தா அங்க நிப்பாரு. எங்கம்மாவக் கெடுத்தவன் உள்ள தொங்கறான்னு சொல்லி அந்தக் கதவு மேல காறித் துப்பிட்டுத்தான் போவாரு. எங்க கையப் பிடிச்சுக்கிட்டு, எங்களையும் துப்பச் சொல்வாரு."

ஆக்யே ஊசியைக் கழற்றிப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"நானும் துப்பினேன்" என்றாள். "நல்லா எட்டித் துப்புவேன். தாத்தா மிட்டாய் குடுப்பாரு."

அதன்பின் அவள் அழுதாள். தொண்ணூறு வயதுக்காரி சத்தமே இல்லாமல் அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை, நானும் அழுதேன். சீப்ராண்ட் எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்து வந்து, மூடியைத் திறந்து மேசை நடுவில் வைத்து, மூடாமல் விட்டார்.

ஜூனில் கண்காட்சி திறந்தது. சுவரில் எழுத வேண்டியதை ஆக்யேயே சொன்னாள், யூடித் ஒரு சொல்லையும் மாற்றவில்லை: 'மாரெத்யேயும் அவள் கணவன் ஹில்லேயும். அரசர் பிறந்தநாள். சட்டை சிவப்பு.' ஓட்டோ அதன்முன் நின்று இரண்டு முறை படித்துவிட்டு, கதை சப்பென்று போய்விட்டதாக என் காதில் முணுமுணுத்தார். இருந்தாலும் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஆக்யேக்குப் போட்டவர் அவர்தான்.

அவள் உட்காரவில்லை. சிவப்புத் துண்டைத் தோளில் போட்டு, கழுத்தில் ஊசியைக் குத்திக்கொண்டு, கூட்டம் கொஞ்சம் விலகும்வரை காத்திருந்தாள். அந்தப் பெரிய படத்தின் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அசல் படம் இருந்தது, கையகலம்தான். அதன் அருகில் போனாள். கைப்பையைத் திறந்து, மடித்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். ஒரு முனையை வாயில் வைத்து ஈரமாக்கப் போனவள், ஏதோ நினைத்துக்கொண்டது போல் நிறுத்தி, உலர்ந்த துணியாலேயே ஹில்லேயின் முகம் இருந்த இடத்தில் கண்ணாடியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

காவலாளி வந்துவிட்டான். நான் தடுக்கப் போனேன். சீப்ராண்ட் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். குளத்து ஓரத்தில் நிற்கிற அதே நிலை, அசையவில்லை.

"அம்மா, தொடக் கூடாதுங்க" என்றான் காவலாளி.

"தொடலப்பா" என்றாள் ஆக்யே, திரும்பிப் பார்க்காமல். "துடைக்கிறேன்."

அவன் என்ன புரிந்துகொண்டானோ, ஒரு அடி பின்னால் போய் நின்றான். அவள் பொறுமையாகத் துடைத்து முடித்து, கைக்குட்டையை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.